காரில் இருந்த இரண்டு பேர்

கிளினிக் மேசையிலிருந்து,
ஞாயிறு பகல்.

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், கூண்டில் இருக்கும் மூன்று நாய்களும் ஒரு முயலும்கூட நலம்தான், நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அதில் ஒன்றும் மாறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப்போக உனக்கு அந்தச் சந்தேகம் வரலாம். அப்பாவின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கும்படி பெருமூச்சு விடுகிறார், சாப்பிடக் கூப்பிட்டால் சத்தமே இல்லாமல் இறங்கி வந்துவிடுகிறார். மழையில் கிளினிக் வாசற்படி ஒன்று பெயர்ந்துவிட்டது, நாளைக்கு வருகிறேன் என்று கொத்தனார் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. கம்பவுண்டருக்கு இடது காது சுத்தமாகப் போய்விட்டது, மருந்துப் பெயரை வலது பக்கம் போய் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது, நாய் உறுமினால் மட்டும் இரண்டு காதிலும் கேட்கிறதாம். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ மீட்டிங்ல இருக்கேம்மா என்பாய், நானும் சரி கண்ணு என்று வைத்துவிடுவேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். இந்தக் கடிதத்தை நீ பாதியில் கீழே வைத்தாலும் வைக்கலாம், நான் பாதியில் நிறுத்துவதாக இல்லை.

போன வருஷம் வந்திருந்தபோது கால்நடை மருத்துவர்களுக்கான அந்த இணையதளத்தில் என்னை உறுப்பினராகச் சேர்த்துவிட்டாய். இனிமேல் உரிமம் புதுப்பிக்க வருஷத்துக்கு இருபது புள்ளி படிச்சு வாங்கணும்மா, வகுப்பு வகுப்பா அலைய வேண்டாம், உட்கார்ந்த இடத்துலயே முடிச்சுடலாம் என்று சொல்லி, கடவுச்சொல்லை மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியும் வைத்தாய். முதலில் எனக்குக் கசந்தது. முப்பத்தைந்து வருஷமாக மாட்டுக்குள் கையை விட்டுக் கன்று எடுத்தவளுக்கு இந்த வயதில் பரீட்சையா என்று முணுமுணுத்தேன். பிறகு பிடித்துப்போயிற்று, உண்மையைச் சொன்னால் பைத்தியமே பிடித்துப்போயிற்று. மத்தியானம் கதவைச் சாத்தியதும் சாப்பாட்டுத் தட்டோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். எங்கேயோ ஒருத்தர் கிளியின் எக்ஸ்ரே படத்தைப் போட்டு இது என்ன என்று கேட்கிறார், சாப்பாடு ஆறுவதற்குள் நாலு பேர் பதில் சொல்கிறார்கள், ஐந்தாவது ஆள் வந்து அந்த நாலு பேரோடும் சண்டை போடுகிறார். வயிறு உப்பிய ஆட்டைப் பற்றி நான் ஒரு பதில் எழுதப்போய் அங்கே எனக்கு ஆட்டுக்கார அம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் தனியாக நின்று தனியாக முடிவெடுத்துப் பழகியவள் நான், தப்போ சரியோ கேட்க ஆள் கிடையாது. அங்கே போனதும் வகுப்புத் தோழிகள் நடுவில் மறுபடியும் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. இதை எனக்குக் கொடுத்தது என் பெண் என்று கம்பவுண்டரின் வலது காதில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று அவரையே கேட்டுப் பார்.

பதினெட்டுப் புள்ளி சேர்த்துவிட்டேன். மீதி இரண்டும் தொழில் பொறுப்பு என்ற கட்டாயப் பிரிவில் வாங்க வேண்டியது, அந்தப் பிரிவில் இந்த வருஷம் ஒரே ஒரு பாடம்தான். போன செவ்வாய்க்கிழமை திறந்தேன். மேலே உன் படம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், வருஷத்தின் சிறந்த பாடம் என்று பக்கத்திலேயே ஒரு பட்டை. நீ எனக்குச் சொல்லவே இல்லையே என்று செல்லக் கோபம் வந்தது, அதற்கு மேல் பெருமை வந்தது, அப்பாவை மாடியிலிருந்து கூப்பிட்டேன், அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் நான் முதல் பக்கத்தைப் படித்துவிட்டேன். நான்கு வயது ஆண் பூனை, வளர்ப்பவர் தையல்காரர், பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. வயதான மருத்துவர் ஒருவர் அதை நேரில் பார்க்காமலேயே மலச்சிக்கல் என்று முடிவுசெய்து போனிலேயே பேதி மருந்து சொல்கிறார். அடைத்திருந்தது மலம் இல்லை, மூத்திரம். மறுநாள் விடிவதற்குள் பூனை செத்துப்போகிறது. அதற்குக் கீழே ஒரு நோயாளி அட்டையின் படம், பெயர் இருக்கும் இடத்தைக் கறுப்பு அடித்து மறைத்திருக்கிறாய். ஏழு போடும்போது நடுவில் ஒரு கோடு இழுக்கும் பழக்கம் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும், ஆனால் அட்டையின் மூலையில் டிங்சர் கொட்டிய கறை என் மேசையில் கொட்டிய கறை. அப்பா வந்து எங்கே காட்டு என்றார். கம்ப்யூட்டர் நின்றுபோச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

போன வருஷம் ஒரு மத்தியானம் முழுக்க நீ அட்டை அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாயே, என்னடி பண்றே என்று கேட்டதற்கு, உன் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கும்மா, ஞாபகத்துக்கு நாலு படம் எடுத்துக்கறேன் என்றாய். நான் உனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நல்ல வெளிச்சம் வரட்டும் என்று ஜன்னல் திரையை விலக்கிவிட்டதும் நான்தான். அதை நினைக்கும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

பாடம் முடிந்ததும் ஐந்து கேள்வி, ஐந்துக்கு ஐந்து எடுத்தால்தான் புள்ளி, மூன்று தடவைதான் முயலலாம். நான்கு கேள்வி சுலபம். ஐந்தாவது, இந்த மரணத்துக்கு அடிப்படைக் காரணம் என்ன. போனில் சொன்னதுதான் காரணம் என்ற விடையைத் தொட்டேன். தவறு என்று சிவப்பில் வந்தது. மருத்துவர் தன் அறிவைப் புதுப்பித்துக்கொள்ளாமல் இருந்ததுதான் சரியான விடையாம். இரண்டாவது தடவையும் முதல் விடையையே தொட்டேன், தவறு என்று வரும் எனத் தெரிந்தே தொட்டேன், வந்தது. ஆண் பூனை முக்கினால் முதலில் வயிற்றைத் தொட்டு மூத்திரப்பை கல் மாதிரி இருக்கிறதா என்று பார் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகம், எந்த இணையதளம்? பள்ளிக்கூடச் சீருடையோடு இந்த மேசைக்கு அந்தப் பக்கம் நின்று என் கைமேல் உன் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தாயே. அப்படி அடைத்துக்கொண்டு வந்த எத்தனை பூனைகளுக்கு நான் குழாய் போட்டு எடுத்துவிட்டிருக்கிறேன், அந்த அட்டைகளும் அதே அலமாரியில்தான் இருந்தன, அவற்றில் ஒன்றையும் நீ படம் எடுக்கவில்லை. பாடத்துக்குக் கீழே நானூறு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரிப் பழைய ஆட்கள் கடையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று ஒருத்தர் எழுதியதற்கு நீ கட்டைவிரல் போட்டிருக்கிறாய். அந்தப் பூனை செத்தபோது எனக்கு நாற்பத்தொன்பது வயது. பெயர் போடலையேம்மா என்று சொல்வாய். பெயர் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், நான் சொல்ல வருவது அது இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய அந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அது நீ முதல் வேலைக்கு ஊரைவிட்டுப் போன நாள். உன்னை விமான நிலையத்தில் விட நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். என் போன் அடித்தது, நான் ஓட்டிக்கொண்டிருந்ததால் நீதான் எடுத்தாய், கேட்டுவிட்டு, டெய்லர் பேசறார்ம்மா, பூனைக்கு ரெண்டு நாளா சரியா வெளிக்குப் போகலையாம், முக்கிட்டே இருக்காம், மலச்சிக்கல்தான், மருந்து சொல்லிடவா என்றாய். பட்டம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத டாக்டர் நீ. நான் ம் என்று தலையாட்டினேன். மூத்திரம் போனானா கேளு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நீ யோசித்திருப்பாய் என்று நான் இருந்தேன், நான் யோசித்திருப்பேன் என்று நீ இருந்தாய். மறுநாள் காலையில் தையல்காரர் பூனையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்தார். நேத்து போன்ல சொன்ன மாதிரியே கொடுத்தேன் டாக்டர் என்றார். நான் சொல்லவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. நீ அப்போது எங்கோ வானத்தில் இருந்தாய். உன் முதல் வேலை, உன் முதல் வாரம். நான் தப்பு பண்ணிட்டேன் ஐயா என்று அவரிடம் சொன்னேன். அட்டையில், நான் போனில் சொன்ன மருந்து, நேரில் பார்க்கவில்லை, என் தவறு என்று மையில் எழுதினேன். என் வாழ்நாளில் நோயாளி அட்டையில் நான் எழுதிய ஒரே பொய் அது. பூனை செத்ததை உனக்குச் சொல்லவே இல்லை. அந்தப் பொய்யைத்தான் நீ படம் எடுத்து எனக்கு எதிராகவே சாட்சி வைத்திருக்கிறாய்.

இரண்டு நாள் நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாவம், பதினோரு வருஷமாச்சு, மறந்திருப்பாள், அட்டையைப் பார்த்துவிட்டு அம்மாதான் சொன்னாள் என்று நம்பியிருப்பாள் என்று. சாப்பாடுகூட இறங்கியது. வெள்ளிக்கிழமை உன் பாடத்தை மறுபடியும் வரிவரியாகப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில், அழைப்பு வந்தபோது மருத்துவர் காரில் போய்க்கொண்டிருந்தார் என்று இருக்கிறது. கார் என்ற வார்த்தை என் அட்டையில் எந்த இடத்திலும் இல்லை கண்ணு. அலமாரிக்குப் போய் எடுத்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அப்படியென்றால் உனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. காரை எழுதினாய், என்னை எழுதினாய், பக்கத்துச் சீட்டை மட்டும் காலியாக விட்டாய். அப்பாவிடம் அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார், சாவுச் செய்திக்கு மட்டும்தான் அவர் அப்படிக் குறைப்பார் என்று உனக்குத் தெரியும். சின்னப் பொண்ணு, விட்டுடு என்றார். அவளுக்கு முப்பத்தைந்து வயசு என்றேன். அவர் டிவியையே அணைத்துவிட்டார்.

நேற்று தையல்காரர் கடைக்குப் போனேன். கிளினிக்குக்குத் திரைத்துணி தைக்க வேண்டும் என்று ஒரு சாக்கு. துணி வெட்டும் மேசையில் இப்போது ஒரு சாம்பல் நிறப் பெண் பூனை படுத்திருக்கிறது, இஞ்ச் டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்குப் பேசியது நான் இல்லை, உங்களிடம் பொய் சொன்னேன், மன்னிக்கணும் என்று. அவர் மிஷினை நிறுத்தக்கூட இல்லை. தெரியும் டாக்டர், உங்க குரல் எனக்குத் தெரியாதா, பேசினது பாப்பாதானே, ஊரைவிட்டுப் போற பொண்ணு, எதுக்கு மனசுல பாரத்தோட போகணும்னு நானும் விட்டுட்டேன் என்றார். பூனையைப் பறிகொடுத்தவர், நமக்கு உறவும் இல்லை, அவர் பதினோரு வருஷம் உன்னைக் காப்பாற்றியிருக்கிறார். நான் அந்தக் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எனக்கு நீ துரோகம் செய்துவிட்டாய் என்று அப்போதுதான் முதல் தடவையாக அந்த வார்த்தையையே நினைத்தேன். அதுவரை வேறு ஏதேதோ பெயர் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பாடத்துக்குக் கீழே நானும் ஒரு கருத்து எழுதினேன், ஆட்டுக்கார அம்மா என்ற பெயரில், நடந்தது நடந்தபடி. அனுப்பும் பொத்தானுக்கு மேலேயே உன் சிரித்த முகம் இருந்தது. அழித்துவிட்டேன். அட்டையில் எழுதியதை அழிக்க முடியாது, இதை அழிக்க முடிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். நீ அந்தப் பாடத்தை எடுத்துவிட வேண்டாம். நல்ல பாடம்தான், இதைப் படித்து ஒரு பூனை பிழைத்தாலும் லாபம். ஆனால் காரில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள் என்று எழுது, ஒருத்தர் யோசித்திருப்பார் என்று இன்னொருத்தர் சும்மா இருந்தார் என்று எழுது. படிக்கிற பிள்ளைகளுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான், எந்தப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை. ஐந்தாவது கேள்விக்கு அதை ஒரு விடையாகச் சேர்.

உரிமத்துக்குக் கடைசித் தேதி அடுத்த மாதம் முப்பது. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆகும், அதற்குப் பிறகும் உனக்கு மூன்று வாரம் இருக்கிறது. எனக்கு மூன்றாவது முயற்சி மிச்சம் இருக்கிறது, அதைத் தொடாமல் வைத்திருக்கிறேன். நீ சரி என்று வைத்திருக்கும் விடையைத் தொட்டால் அடுத்த நிமிஷம் புள்ளி கிடைக்கும், கிளினிக் நடக்கும். அதைத் தொட மாட்டேன். முப்பதாம் தேதி வரை பார்ப்பேன், நீ மாற்றவில்லையென்றால் வாசல் பலகையைக் கழற்றிக் கொடுக்கக் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறேன், வலது காதில்தான் சொன்னேன், கேட்காத மாதிரி போய்விட்டார்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, போன தடவை உன் நகமெல்லாம் வெளுத்திருந்தது. பனியில் தலை நனையாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இதையெல்லாம் அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். நீ நூறு வயசு நன்றாக இரு, உன் கை பட்ட உயிரெல்லாம் பிழைக்கட்டும், இதை மனசார எழுதுகிறேன். நீ வரும் நாளில் விமான நிலையத்துக்கு நானே கார் எடுத்துக்கொண்டு வருவேன், பக்கத்துச் சீட்டு உனக்குத்தான்.

இப்படிக்கு,
உன் பாடத்தில் வரும் வயதான மருத்துவர்,
அம்மா.