கழுவிய இறகுகள்

என் ஆத்தா ஜோதி,

மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோய் ஐந்து மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரு தப்பை ஒத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

மூன்று வருடமாகக் காகித உறையில் போட்டு, பறவையின் பெயர் எழுதி நீ சேர்த்த இறகுகளை, மதுரையில் உன் கல்லூரி மேடத்திடம் ஒப்படைக்கப் போனேன். உன் ஆராய்ச்சியை அவராவது எழுதி முடிக்கட்டும் என்று ஆசை. போகுமுன் பெட்டியைத் திறந்தால், இறகு முழுக்கப் பொடித் தூசி. சந்தைக்கு அனுப்பும் திராட்சையில் ஒரு சருகு ஒட்டியிருந்தாலே எனக்குப் பொறுக்காது. என் மகள் பொருளை அழுக்கோடு கொடுப்பேனா? ஒவ்வொன்றாகச் சீயக்காய்த் தண்ணீரில் அலசி, மொட்டைமாடியில் காயவைத்து, அந்தந்த உறையிலேயே மாறாமல் போட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

மேடம் லென்ஸை வைத்து ஒரு இறகைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார்.

"ஐயா, இதைக் கழுவுனீங்களா?"

"ஆமாம்மா. சீயக்காய் போட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தத் தூசிதான் ஜோதியின் மூன்று வருடம் என்று மெதுவாகச் சொன்னார்.

நீ சொல்லாமலா இருந்தாய்? நம் திராட்சைப் பந்தல் வலையில் மாட்டிய மைனாவின் றெக்கையை வெயிலுக்கு விரித்துக் காட்டினாயே. "இங்கன பாருங்கப்பா, வரிசையா பூச்சி. கடிக்காது, இறகோட எண்ணெயைத் தின்னுட்டுக் கிடக்கும். மைனாவுக்கு ஒரு தினுசு, கொண்டைக்குருவிக்கு வேற தினுசு. ஒரே றெக்கையிலயும் நுனியில ஒண்ணு, அடியில ஒண்ணு."

எம்.எஸ்சி. படித்தவள் செள்ளு பார்க்கிறாள் என்று கேலி செய்தேன். "பறவை செத்துப்போனா அதுக என்ன ஆத்தா செய்யும்?" என்று கேட்டேன்.

"எங்க போகும்ப்பா? அதுக்கு அது மட்டுந்தேன் வீடு. பிடிச்சுக்கிட்டு அங்கனயே கிடந்து செத்துரும்."

அதைக் காதில் வாங்கியிருந்தால், அந்தப் பூச்சிகளைத் தூசி என்று நினைத்துத் தண்ணீரைத் தொட்டிருப்பேனா?

நீ கடைசியாகப் போட்டிருந்த சுடிதாரை உன் அம்மா இன்னும் துவைக்கவில்லை. அழுக்குத்துணியை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று முன்பு சத்தம் போட்டிருக்கிறேன். "அவ வாசம் இருக்குய்யா" என்பாள். மதுரையிலிருந்து வந்த அன்று நானே அதைக் கேட்டு வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். அழுகை நிற்கவில்லை, ஆத்தா.

இப்போது பழம் பழுத்துவிட்டது, வலை கட்டியாயிற்று. மேடம் உறையும் லென்ஸும் கொடுத்தார். சந்தேகம் கேட்பதற்கென்றே செல்போன் வாங்கியிருக்கிறேன், சிரிக்காதே. மாட்டுகிற பறவையிடம் ஒரே ஒரு இறகு எடுத்துக்கொண்டு, பெயர் எழுதிவிட்டு, பறக்கவிடுகிறேன். நேற்று ஒரு மைனா. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரியே வரிசையாக இருந்தன.

உன் பெட்டி மறுபடி நிறையும்வரை விடமாட்டேன். ஒன்றிலும் தண்ணீர் படாது. இது சத்தியம்.

உன்னைப் பிடித்துக்கொண்டு இங்கனயே கிடக்கும்
உன் அப்பா