மகள் செய்த உரம்

மார்ச் 4, செவ்வாய்

உர லாரி இன்று மறுபடி வந்தது. ஓட்டுநர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினார். நான் ஒரு பிடி அள்ளி முகர்ந்து காட்டினேன். "பாருங்க, நாத்தமே இல்ல. என் பொண்ணு தயாரிச்சது!"

"போன தடவையும் சொன்னீங்க சார்."

சொன்னால் என்ன? நகரத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஆய்வகப் பொறுப்பு அவளுடையது. அடியில் தங்கும் கசட்டைக் காயவைத்து, கிருமி செத்துவிட்டதா என்று சோதித்து, 'இது உரம், வயலுக்குப் போகலாம்' என்று சொல்வது அவள்தான். என் கீரைப் பாத்திக்கு என் மகள் உரம் அனுப்புகிறாள். எத்தனை அப்பனுக்கு இது கிடைக்கும்?

ஏக்கருக்கு வருடத்துக்கு ஒரு லாரி போதும் என்பது அவள் சொன்ன அளவு. என்னுடைய ஒரு ஏக்கருக்கு நான் மூன்று போட்டுவிட்டேன். வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "பொண்ணு தட்டுல நீங்க சாப்பாடு வைக்கிற மாதிரியேதான் இங்கயும். போதும் போதும்னாலும் உங்க காதுல ஏறாது."

மார்ச் 30, ஞாயிறு

கீரை இலை என் உள்ளங்கையை மறைக்கிறது. பக்கத்து நிலத்து மீசைக்காரர் வேலியோரம் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். வயிற்றெரிச்சல்!

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள் வந்திருந்தாள். வந்த காலோடு வயலுக்குப் போய் மண்ணும் கீரையும் எடுத்துப் பையில் போட்டுக் கட்டினாள். எதற்கு என்றால், "சும்மாப்பா." அவளுக்குச் சிறு வயதிலிருந்தே பொய் சொல்ல வராது.

சாப்பிடும்போதுதான் வாயைத் திறந்தாள். உலோகத்துக்கு முலாம் பூசும் பட்டறைகள் சிலவற்றைச் சமீபத்தில் அதே சாக்கடையில் இணைத்துவிட்டார்களாம். நிலையத்தில் கிருமியை மட்டும்தான் சோதிக்கிறார்கள். காட்மியம் மாதிரி நச்சு உலோகத்தை யாரும் தேடிப் பார்த்ததே இல்லை.

"நம்ம உரத்துல வாசமே இல்லையேம்மா" என்றேன்.

"காட்மியத்துக்கு வாசம் கிடையாதுப்பா."

எனக்குச் சுருக்கென்றது. இந்த மூக்கை நம்பி ஊரெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இருக்கு. காட்மியம் இருக்கு. மண்ணுல வரம்பத் தாண்டி, இலையிலயும்.

மகள் தொலைபேசியில் நிதானமாகத்தான் சொன்னாள். ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, வருடக்கணக்கில் சாப்பிட்டால் சிறுநீரகத்தில் போய்த் தங்கும் என்றாள். என் கீரை போவது எங்கே? மருத்துவமனைச் சமையலறைக்கு! நோயாளி சாப்பிடுகிற கீரை.

"எத்தனை லாரிப்பா போட்டீங்க?"

சொன்னேன். "மூணா?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சமையலறைக்கு நானே அழைத்து, காரணத்தையும் சொல்லி, இனி என் கீரை வராது என்றேன். அறுத்து வைத்திருந்ததையும் அனுப்பவில்லை.

மே 2, வெள்ளி

லாரிகள் இன்னும் மற்ற வயல்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. மகள் நிறுத்தச் சொல்லியும் நிலைய மேலாளர் நிறுத்தவில்லை. மற்ற நிலங்களிலும் மண் எடுத்துப் பார்த்தார்களாம், எல்லாம் வரம்புக்குள். "உங்கப்பா அளவு தெரியாம கொட்டினார், அதான் காரணம்னு எழுதிட்டு விடும்மா" என்கிறாராம். எதிர்த்துப் பேசினால் வேலைக்கே வேட்டு.

இன்று வந்து எங்கள் இருவர் முன்னாலும் உட்கார்ந்தாள். "விவசாயிங்க கூட்டத்துல பேசலாம்னு இருக்கேன். பேசினா முதல்ல அடிபடப்போறது நம்ம நிலம்தான். இனிமே இங்க கீரை போட முடியாதுன்னு நானே எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

எழுந்து போய்க் கை கழுவினேன். கையில் ஒன்றுமே இல்லை, சும்மா கழுவினேன். வீட்டுக்காரி பின்னாலேயே வந்தாள். "அவ அனுமதியா கேக்குறா? நாம கூட இருக்கோமான்னு கேக்குறா."

திரும்பிப் போய், "நான் முதல் வரிசையில உக்காருவேன்" என்று சொன்னேன்.

மே 9, வெள்ளி

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. நாளை கூட்டம். வேலை போய்விட்டால்? போகட்டும். இல்லை, போகக் கூடாது.

மே 10, சனி

முதலில் மேலாளர் பேசினார். ஒரே ஒரு நிலத்தில்தான் சிக்கல், அதுவும் அதன் சொந்தக்காரர் மூன்று மடங்கு போட்டதால் என்றார். மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. காது சுட்டது. உட்கார்ந்தே இருந்தால் ஒளிந்துகொண்ட மாதிரி இருக்கும் என்று எழுந்து நின்றேன். "ஆமா, நான்தான் போட்டேன்."

மீசைக்காரர் பாய்ந்தார். "அப்பன் பண்ணின கூத்துக்கு எங்க உரத்த நிறுத்தப் பாக்குறியாம்மா?"

மகள் குரலை உயர்த்தவே இல்லை. "எங்கப்பா போட்டது அதிகம்தான். நீங்க மூணு வருஷத்துல போடப்போறத அவர் ஒரே தடவையில போட்டுட்டார். அது மண்ண விட்டுப் போகாது, சேர்ந்துகிட்டேதான் இருக்கும். இன்னிக்கு அவர் நிலத்துல இருக்கிறது நாளைக்கு உங்க நிலத்துல இருக்கும். அந்த உரத்த நல்லதுன்னு சொல்லி அனுப்பினது நான். இப்ப வேண்டாம்னு சொல்றதும் நான்தான்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தேன். என் நிலம் போனதை எல்லார் முன்னாலும் என் மகளே சொல்லிவிட்டாள். எனக்கோ கை தட்ட வேண்டும் போல இருந்தது. அவள் அப்பன் நான் என்பதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம்.

வழியெல்லாம் வீட்டுக்காரி அழுதுகொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நல்லாத்தானே பேசினா, அதான்" என்றாள்.

மே 28, புதன்

லாரி நின்றுவிட்டது. பட்டறைகள் தங்கள் கழிவைத் தாங்களே சுத்தம் செய்யும் வரை சாக்கடை இணைப்பும் கிடையாதாம். மகளுக்கு வேலை இருக்கிறது, ஆனால் மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மீசைக்காரர் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறார்.

கீரைப் பாத்தியில் பூ நாற்று வைத்தேன். பூவை யாரும் தின்னப்போவதில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் மீசைக்காரர், கையில் ஒரு பை.

"பொண்ணு வந்திருக்காளாமே?"

"தூங்குறா. என்ன விஷயம்?"

பையைப் பார்த்தபடியே சொன்னார். "நானும் ஏக்கருக்கு ரெண்டு லாரி போட்டேன். உங்க கீரையப் பாத்துட்டு ஆசப்பட்டுப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லல. மண்ணு எடுக்க வந்தவங்களுக்குக்கூட, போடாத பக்கத்தத்தான் காட்டினேன். அன்னிக்கு நீங்க எழுந்து நின்னப்பவே நானும் நின்னிருக்கணும்."

தோளைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தேன்.

மகள் தூக்கக் கண்ணோடு வந்தாள். வந்தவரையும் பையையும் பார்த்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தரையில் உட்கார்ந்து மண் இருந்த பையைப் பிரித்து, "எந்தப் பக்கம் எடுத்தீங்க மாமா, மேட்டுலயா, பள்ளத்துலயா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் எடுத்தேம்மா. இந்தத் தடவ, உரம் போட்ட பக்கத்துலதான்."

வாசலில் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தேன். இன்னும் மூன்று பேர், ஆளுக்கொரு பையோடு, உள்ளே வரலாமா என்று தயங்கிக்கொண்டு நின்றார்கள்.

நாற்காலி எடுத்துவரப் போனேன்.