நான் வைத்துவிட்ட போன்

லுக்குட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஷாமினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே சுவீடன் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். நான்கு நாளாக நீ அனுப்பும் மெசேஜுக்கெல்லாம் அம்மாதான் பதில் போடுகிறாள். உன்னிடம் பேச எனக்கு முகமில்லை, அதனால் எழுதுகிறேன், உன் தம்பி மகேந்திரன் இதைப் படமெடுத்து அனுப்புவான்.

புதன்கிழமை சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன், தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்ததும் அழுகை. "அப்பா, என்னை வேலைல நிரந்தரம் பண்ணலப்பா, ஆறு வருஷம் வீணாப் போச்சு" என்றது குரல். தீபாவளிக்கு வந்தபோது நீதான் சொன்னாய், இப்போதெல்லாம் மெஷின் என் குரலிலேயே பேசும், தெரியாத நம்பரில் அழுதால் நம்பாதீங்க, வெச்சிடுங்க என்று. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "யாருகிட்ட ஏமாத்து வேலை காட்டுற? என் மவ யூனிவர்சிட்டில பாடம் நடத்துறவ, அவ இப்படியெல்லாம் அழ மாட்டா லா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். நீ மறுபடி கூப்பிட்டாய், அந்த நம்பரையே பிளாக் செய்தேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மோட்டாரில் ஏறி ஷம்சுதீன் சாப்பாட்டுக் கடைக்குப் போய், திருடனைப் பிடித்தவன் மாதிரி எல்லாரிடமும் சொன்னேன். பல மெஷின்களைத் தங்களுக்குள் பேசி ஒத்துப்போய் வேலை செய்ய வைப்பதுதான் என் மகள் ஆராய்ச்சி, அவள் அப்பனையே மெஷினை வைத்து ஏமாற்றப் பார்க்கிறான்கள் என்றேன். நீ அழுதது போல அழுதும் காட்டினேன். என் கூட்டாளி தர்மராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் நிற்கிறாள். உன் போன் தண்ணீரில் விழுந்து, கூட வேலை செய்யும் பெண்ணின் போனில் கூப்பிட்டாயாம், நான் வைத்த பிறகு மகேந்திரனிடம் பேசியிருக்கிறாய். "பெத்த புள்ள அழுவுறது தெரியாதா ஒங்களுக்கு?" என்று ஒன்றுதான் கேட்டாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

நீ சொன்னதைத்தான் செய்தேன் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். உன்னிடம் அந்தப் பொய் வேண்டாம். வார்த்தை வராமல் "ப்பா, ப்பா" என்று இழுத்தாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது நீதான் என்று. தெரிந்தும் வைத்தேன். எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து டாக்டர் பட்டம் வரை போனவள் என் மகள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனுக்கு, அந்த மகள் தோற்றுப்போய் அழுவதைக் கேட்கத் தைரியமில்லை. மெஷினாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

நேற்றுக் கடைக்குப் போய், அன்று அழுதது என் மகள்தான், வேலை நிலைக்கவில்லை, நான்தான் தெரிந்தே வைத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஷம்சுதீன் மட்டும், "புள்ளகிட்ட சொல்லிட்டீங்களா முருகையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இங்க எதுக்கு நிக்கிறீங்க?" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். என்னை மன்னித்துவிடம்மா. அங்கேயே வேறு இடம் தேடுவதோ, இங்கே வந்து கொஞ்ச நாள் இருப்பதோ உன் இஷ்டம், யாருக்கும் நீ பதில் சொல்ல வேண்டியதில்லை, எனக்கும்தான். அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போட்ட பிளாக்கை எடுத்துவிட்டேன், அவளுக்கும் என் மன்னிப்பைச் சொல். சாப்பாட்டை மட்டும் விடாதே. அம்மன் உன் கூடவே இருப்பாள். எந்த நம்பரிலிருந்து வேண்டுமானாலும் கூப்பிடு, அழ வேண்டுமென்றால் அழு, நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் அப்பா,
முருகையா