பூட்டி வைத்த இஸ்திரிப் பெட்டி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீ எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடு, காபியையே சாப்பாடாக்கிவிடாதே.

உனக்காகத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை ஒருவழியாக முடிந்தது. நம் வீட்டு முகப்புதான் படம். துணியில் எழுதும் மைப் பேனாக்கள் வாங்கி வந்து, செங்கலுக்கு ஒரு சிவப்பு, அதன் நிழலுக்கு இன்னொரு சிவப்பு, கொடிக்கு நாலு பச்சை என்று தையலோரமாக நிறம் ஏற்றினேன். உன் அறை ஜன்னலை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தேன், உன் முகம் எனக்கு வரைய வராது. தன் பேச்சைக் கேட்காமல் நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து ஒன்றரை வருஷமாக உன்னோடு பேசாமல் உர்ரென்று இருக்கிறாரே உன் அப்பா, நான் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்த ஜன்னலில் உன்னை வரைந்துவிட்டார்! மஞ்சள் சட்டை, கலைந்த தலை, அசல் நீயேதான். முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்ட கை, கேட்கவா வேண்டும். எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது, மை நன்றாகப் பிடிக்கட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். எடுத்துப் பார்த்தால் உன்னைக் காணோம், ஜன்னல் வெள்ளைவெளேர் என்று இருக்கிறது! மனுஷர் என் பேனாவைத் தொடாமல், தப்பினால் அழிக்கலாமே என்று தன் கலர் பேனாக்களை எடுத்திருக்கிறார், அதெல்லாம் சூடு பட்டால் மறைகிற மை. என் பொண்ணை அழிச்சிட்டியே என்று பாய்ந்தார். இத்தனை நாள் எங்கே போச்சு இந்தப் பொண்ணு என்று நானும் கேட்டுவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பேனாக் கடைக்காரர்தான் வயிற்றில் பாலை வார்த்தார். நல்ல குளிரில் வைத்தால் அந்த மை திரும்ப வருமாம். ஃப்ரீசரில் இருந்த பட்டாணியை எல்லாம் வெளியே தள்ளி, போர்வையைப் பையில் சுற்றி வைத்தோம். அப்பா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய்த் திறக்கிறார், திறந்துக்கிட்டே இருந்தா எப்படிக் குளிரும் என்று அதட்டினேன். மறுநாள் எடுத்தால், மஞ்சள் சட்டையோடு நிற்கிறாய்! கை தட்டினார் பார், சின்னப்பிள்ளை தோற்றது.

இனி மறையாதபடி இதன்மேல் என் பேனாவால் ஒரு தடவை போட்டு அனுப்பிடலாமா என்று கேட்டேன். அனுப்ப வேணாம், அவளே வந்து போடட்டும்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், நூறு வருஷம் நன்றாக இரு. லீவுக்கு இன்றே எழுதிக் கொடு. நீ வருகிறவரை இஸ்திரிப் பெட்டியை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், இரண்டு பேரும் கசங்கிய துணியோடுதான் திரிகிறோம்.

ஆசையுடன்,
உன் அம்மா