லட்சத்தில் ஒரு பங்கு செடி

மார்ச் 4

பட்டைகள் வந்துவிட்டன. காலையில் ஓடவிட்ட கணினி மாடல் மதியத்துக்கு மேல் முடிந்து, திரை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாக வரி வரியாக நிற்கிறது. பச்சை, நாணல். மஞ்சள், ஏரிக்கரைச் சேற்றில் முளைக்கும் ஒரு சாண் உயரச் செடி. அதற்கு நீளமாக ஒரு விஞ்ஞானப் பெயர் உண்டு. தங்கச்சி அதைக் குட்டை என்றுதான் சொல்வாள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

பேராசிரியர் பின்னால் வந்து நின்று வெகு நேரம் பார்த்தார். "சட்டையே தைக்கலாம் போல இருக்கேம்மா" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வந்ததாகச் சரித்திரம் இல்லை.

விஷயம் இதுதான். கரையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நாணல் எவ்வளவு, குட்டை எவ்வளவு என்று வைத்திருக்கிறேன். இரண்டும் வளரும், ஒன்றின் வெளிச்சத்தை மற்றொன்று பிடுங்கும், பக்கத்துக் கட்டத்துக்கு விதை அனுப்பும். முதல் சில வருஷம் நாணல் குட்டையை நெருக்கித் தள்ளுகிறது. பிறகு தன் சருகிலேயே மூச்சுமுட்டிப் பின்வாங்குகிறது. குட்டை திரும்பி வந்து, இரண்டும் பட்டை பட்டையாகப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆகவே நாணலை வெட்டத் தேவையில்லை. வெட்டலாமா வேண்டாமா என்று ஏரிப் பராமரிப்பு அலுவலகம் எங்களைத்தான் கேட்டிருக்கிறது. நாளைக்கு அறிக்கை போகும்.

மார்ச் 6

சாப்பிடும்போது தங்கச்சியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவளுக்கும் எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை. நான் இரண்டாவது மாடி, அவள் கீழ்த்தளம். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, உள்ளே அகப்படும் செடிகளை ஒவ்வொன்றாக எண்ணுவாள். அவள் எண்ணுவது என் மாடலுக்கு வரும். நாலு வருஷமாக வருகிறது. ஏரியை நான் பார்த்ததில்லை.

"அக்கா, குட்டை போன வருஷத்துல பாதிகூட இல்ல. நீ பாட்டுக்கு வெட்ட வேணாம்னு எழுதினா எப்படி?"

"குறையும்டி. குறைஞ்சுட்டுத் திரும்பி வரும். கோடு அப்படித்தான் காட்டுது."

"கோடு சேத்துல இறங்கிப் பாத்துச்சாக்கும்."

சமன்பாடு புரியாதவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 7

பேசவில்லை.

மார்ச் 12

இன்னும் பேசவில்லை. இரண்டே அறையுள்ள வீட்டில் பேசாமல் இருப்பது சாமானியமான வேலை அல்ல. அவள் கெட்டிலிடம் பேசுகிறாள். "இந்த வீட்டுல யாருக்காவது சுடுதண்ணி வேணும்னா இருக்கு" என்று அதனிடம் சொன்னாள். நானும் கெட்டிலுக்கே நன்றி சொன்னேன்.

கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் மறித்தார். "ரெண்டு பேரும் ஏன் இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுத் திரியறீங்க?"

"நாணல் விஷயங்க."

"யாரா இருந்தா என்னம்மா. அக்கா தங்கச்சியைப் பிரிக்கிற சகவாசம் வேணாம்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

மார்ச் 20

அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இந்த வருஷ வெட்டு ரத்து. அலுவலகத்து அதிகாரி போனில் ஒரே ஒரு விவரம் கேட்டார்: "குறைஞ்சுட்டு திரும்பி வரும்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு வரைக்கும் குறையும்? மேல கேப்பாங்க, ஒரு நம்பர் குடுங்க."

நாளைக்குப் பார்த்து அனுப்ப வேண்டும். அஞ்சு நிமிஷ வேலை.

மார்ச் 21

அஞ்சு நிமிஷ வேலைதான்.

மொத்தக் கரையையும் கூட்டிப் பார்த்தேன். ஒன்பதாவது வருஷம், ஏரி முழுக்கச் சேர்த்து இருக்கும் குட்டை: ஒரு செடியில் லட்சத்தில் ஒரு பங்கு.

திரும்பக் கூட்டினேன். இயந்திரத்தை அணைத்துப் போட்டுத் திரும்பக் கூட்டினேன். அதேதான்.

வருஷவாரியாக வரைந்த படத்தில் குட்டையின் கோடு அடியை ஒட்டிப் போகிறது. கொஞ்சமாக இருக்கிறது என்று நினைத்தேன், எல்லாரும் நினைத்தோம். அந்தக் கோட்டின் தடிமன் மட்டுமே நாற்பது செடி அளவு. அதற்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தார்கள்? சமன்பாட்டுக்குச் சாகத் தெரியாது. பாதியாக்கும், பாதியைப் பாதியாக்கும், பூஜ்யம் என்று மட்டும் வாயைத் திறந்து சொல்லாது. ஒரு செடிக்குக் கீழே போன அந்தத் துணுக்கு ஐந்து வருஷம் உயிரோடு கிடந்து, நாணல் ஒதுங்கியதும் எழுந்து பெருகி, பட்டை பட்டையாகச் சட்டைத் துணி ஆகியிருக்கிறது. எந்தக் கடைக்காரராவது லட்சத்தில் ஒரு பங்கு முட்டை கையிருப்பு என்று சொல்வாரா? நான் சொல்லியிருக்கிறேன். கையெழுத்தும் போட்டிருக்கிறேன். மடச்சி.

விதை மண்ணில் தங்கியிருக்கும் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. குட்டை ஒரு வருஷச் செடி. விதை விட்டுவிட்டுக் காயும், அடுத்த வருஷம் அந்த விதை முளைக்க வேண்டும். அதைத் தாண்டி விதை தாங்காது. இதைக் கண்டுபிடித்து எழுதியவளே தங்கச்சிதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு, இரண்டு வாரத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினாள்:

"வேர்லயா, இலையிலயா?"

"என்னது?"

"அந்த லட்சத்துல ஒரு பங்கு. எந்தப் பக்கம் இருக்கும்னு சொன்னா நாளைக்குப் போய் எண்ணிட்டு வந்துடறேன்."

சிரிக்கவில்லை அவள். எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் அழுகையாகிவிட்டது.

மார்ச் 24

மாடலில் ஒரு வரி சேர்த்தேன். ஒரு கட்டத்தில் ஒரு செடிக்குக் குறைந்தால் அது பூஜ்யம். ஓடவிட்டேன். ஒன்பது வருஷமெல்லாம் இல்லை, அடுத்த வருஷமே திரை முழுக்க ஒரே பச்சை.

பேராசிரியர் வந்தார். "என்னம்மா, ஓடலையா?"

"ஓடி முடிஞ்சிடுச்சு சார். குட்டைதான் இல்ல."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "பட்டையை போஸ்டர்ல போட்டாச்சேம்மா" என்றார். பிறகு, "அடுத்த அறிக்கைல சின்னத் திருத்தம்னு சேத்துக்கலாம். ஆறு மாசம்தானே" என்றார்.

ஆறு மாசத்தில் குட்டையே இருக்காது என்றேன். மே மாசம் பூக்க வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், நாணல் மேலே நிற்கிறது. அவர் கெட்டவர் இல்லை. அதிகாரிக்குப் போன் போட அவருக்குப் பயம். எனக்கும்தான்.

மார்ச் 26

வெட்டினால் என்ன ஆகும் என்று ஓட்டிப் பார்த்தேன். குட்டை நிற்கிற இடங்களைச் சுற்றி மட்டும், ஏப்ரல் நடுவுக்குள் வெட்டினால், மஞ்சள் திட்டுத் திட்டாக நிற்கிறது. அழகாக இல்லை. சொறி மாதிரி இருக்கிறது. ஆனால் நிற்கிறது, ஒவ்வொரு திட்டிலும் முழுச் செடிகள். ஒரு மாசம் தள்ளி வெட்டினால் மறுபடி எல்லாம் பச்சை.

பழைய அறிக்கையை வாபஸ் வாங்கி, வெட்டச் சொல்லிப் புதிதாக எழுதிவிட்டேன். பேராசிரியரும் கையெழுத்துப் போட்டார், பேனாவை மூன்று தடவை உதறிவிட்டு.

ஏப்ரல் 2

அதிகாரியை நேரில் பார்த்தேன். மேஜையில் என் இரண்டு அறிக்கைகளும் பக்கத்தில் பக்கத்தில்.

"போன மாசம் வேணாம்னீங்க. இந்த மாசம் வேணும்ங்கிறீங்க. அடுத்த மாசம் என்ன சொல்வீங்க?"

"அடுத்த மாசம் சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது சார்."

கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. வெட்டு ரத்தானதும் ஆட்களை வாய்க்கால் வேலைக்கு அனுப்பிவிட்டாராம். திரும்பக் கூப்பிட மேலிடத்து உத்தரவு வேண்டும், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். மூஞ்சியில் அசடு வழிய வெளியே வந்தேன்.

வாசலில் தங்கச்சி நின்றாள், பூட்ஸோடு. நடந்தே வந்தோம். "வாயைத் திறந்து தப்புன்னு சொன்னியே, அது போதும்" என்றாள். அது போதாது என்று இருவருக்கும் தெரியும்.

ஏப்ரல் 15

உத்தரவு வரவில்லை.

ஏப்ரல் 19

"நாமளே போய் வெட்டினா என்னடி?"

"அனுமதி இல்லாம ஒரு இலையைத் தொட்டாலும் ஏரிக்குள்ள நுழையவே விட மாட்டாங்க. அப்புறம் எண்ணறதுக்கும் ஆள் இருக்காது." இதைச் சொல்லும்போது அவள் கையில் அடுப்படிக் கத்தரிக்கோல் இருந்தது. எதற்கு எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 27

இல்லை.

மே 9

வெட்டிவிட்டார்கள். அதிகாரியே வந்து நின்று, தங்கச்சி குச்சி நட்டுக் காட்டிய இடமெல்லாம் சுத்தமாக வெட்டச் சொன்னாராம். ஒரு குட்டையைக்கூட மிதிக்கவில்லையாம்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"வெளுத்துப் போயிருக்கு. மொட்டு இந்நேரம் வந்திருக்கணும்."

ஜூன் 14

குட்டை காய்ந்துவிட்டது. வருஷா வருஷம் காய்வதுதான், விதை விட்டுவிட்டுக் காயும். இந்தத் தடவை விடாமலே காய்ந்தது. இரண்டு மூன்று எப்படியாவது பூத்திருக்கலாம், தன் கண்ணுக்குத் தப்பியிருக்கலாம் என்கிறாள் தங்கச்சி. அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. நான் ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 3

தப்பையே ஒரு கட்டுரையாக எழுதலாம் என்கிறார் பேராசிரியர். எத்தனை பேர் இதே குழியில் விழுந்து கிடக்கிறார்களோ, தெரிந்துகொள்ளட்டும் என்கிறார். நியாயம்தான். எழுதுகிறேன். பட்டைப் படத்தை முதல் பக்கத்தில் போட்டு, கீழே "இது நடக்காது" என்று எழுதியிருக்கிறேன். அதைக் கொஞ்சம் கௌரவமாக மாற்றச் சொன்னார்.

மார்ச் 18

எண்ணும் மாசம் மறுபடி வந்துவிட்டது. தங்கச்சி பாதிக் கரை முடித்துவிட்டாள். எண்கள் என் மாடிக்கு வந்தன. மே மாச வெட்டுக்கு மாடல் சொன்னதையும் அவள் எண்ணியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இங்கே பூஜ்யம், அங்கே பூஜ்யம். அடுத்த கட்டம், இங்கே பூஜ்யம், அங்கே பூஜ்யம்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "முப்பது வருஷத்துல இவ்வளவு கச்சிதமாப் பொருந்தி நான் பாத்ததே இல்லம்மா" என்றார், முகமெல்லாம் மலர்ந்து. அப்புறம்தான் எதைச் சொன்னோம் என்று உறைத்தது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தன் அறைக்குப் போய்விட்டார்.

நான் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு சாண் செடிக்கு. நேரில் பார்த்ததுகூட இல்லை. பார்க்க வழியும் இல்லை இனிமேல். அழுதேன், முகம் கழுவினேன், வந்து உட்கார்ந்தேன்.

மார்ச் 22

இன்று தங்கச்சியோடு ஏரிக்குப் போனேன். மீதிக் கரைக்கு உதவியாள் கிடைக்கவில்லை என்றாள். கிடைக்காமல் இல்லை, எனக்குத் தெரியும்.

நான் நினைத்ததைவிடச் சின்ன ஏரி. திரையில் உள்ளங்கை அகலம் இருக்கிற இடத்தைக் கடக்க மூச்சு வாங்கியது. நிலையத்திலிருந்து எடுத்த பூட்ஸ் இரண்டு அளவு பெரிசு. ஒரு கால் சேற்றில் மாட்டிக்கொண்டு, பூட்ஸ் அங்கேயே நிற்க, நான் மட்டும் வந்தேன். "வாங்க மேடம், சமன்பாட்டுல இதெல்லாம் போடலையா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். நாணல் எங்கள் தலைக்கு மேலே சலசலவென்று இருந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அவள் சட்டத்தை வைத்து, குனிந்து, விரலால் சருகை விலக்கி, வெகு நேரம் பார்ப்பாள். "ஜீரோ" என்பாள். நான் எழுதிக்கொள்வேன். பத்துப் பன்னிரண்டு இடம் இப்படிப் போயிற்று.

"இங்க ஒண்ணும் இல்லன்னு மேலோட்டமாப் பாத்தாலே தெரியுதேடி. ஒவ்வொண்ணையும் இப்படிக் கிளறணுமா?"

"இல்லன்னு எழுதறதுக்கும் பாக்கணும்க்கா. பாக்காம எழுதக் கூடாது."

அடுத்த இடத்தில் சட்டத்தை வைத்தாள். அதன் ஓரத்தில், போன வருஷம் அவள் நட்ட குச்சி ஒன்று சாய்ந்து கிடந்தது. குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள்.

"நீ பாருக்கா. எனக்குக் கண்ணெல்லாம் மறைக்குது."

தாளையும் பேனாவையும் அவளிடம் கொடுத்துவிட்டு முட்டி போட்டேன். சேறு ஜில்லென்று இருந்தது. ஒரு மூலையில் தொடங்கி, சருகை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அவள் செய்கிற மாதிரியே மறு மூலை வரைக்கும் பார்த்தேன்.

"ஜீரோ" என்றேன்.

எழுதிக்கொண்டாள்.