ஐந்தாம் குடத்து விதைகள்

வளம் பெறுக. காந்தை ஆற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் வெண்கோட்டு வேந்தர் ஆதன் நெடுமுடியாரின் ஆணைப்படி, தலைமை அமைச்சர் கீரன் எயினனார், நெடுந்துறைக் கோட்டத் தலைவர் சேந்தன் பூதனார்க்கு விடுக்கும் ஓலை. வெள்ளத்துக்குத் தப்பிய மனைகளில் அடுப்பு எரிக. தப்பாத பத்தொன்பது பேருக்கு இவ்வவை தலை தாழ்த்துகிறது.

காவற்கோபுரத்து மணிக்காரன் நன்னன், ஆறு பெருகிய பகலில் மணி ஒலிக்காமல் விட்டான் என்றும், குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டான் என்றும், முழுநிலா நாளில் அவன் உயிர் வாங்கப்படும் என்றும் எழுதியிருந்தீர். அவ்வோலை அவையில் படிக்கப்படுகையில், கேள்வி அதிகாரி அரிஞ்சிகையார் இருக்கையை விட்டு எழுந்தார். காரணம் இது.

சென்ற கோடையில் அரண்மனைக் கம்மியர் புதிய மணிப்பொறி ஒன்று செய்தனர். நீர் ஏறும் அளவுக்கு ஏற்ப இழுக்க ஏழு கயிறுகள் அதற்கு. முப்பது கோபுரங்களுக்கும் அனுப்புமுன், காவலருக்கு அது கைக்கு இசைகிறதா என்று கேட்டு வர நெடுந்துறைக்குச் சென்றவர் இந்த அரிஞ்சிகையாரே. பத்து வாசகங்களை அவர் படிப்பார்; கேட்கும் காவலர் ஐந்து குடங்களுள் ஒன்றில் புளியங்கொட்டை இடவேண்டும். முதற்குடம் இல்லவே இல்லை. ஐந்தாம் குடம் முற்றிலும் ஆம். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவோரைக் கண்டுகொள்ளவே, ஐந்து வாசகங்கள் பொறியைப் புகழ்வனவாகவும் ஐந்து குறை கூறுவனவாகவும் மாறி மாறி வைத்திருந்தார்.

அன்று பன்னிரு காவலரும் எல்லா விதையையும் ஐந்தாம் குடத்திலேயே இட்டனர். இயக்க எளிது என்றதற்கும் ஐந்தாம் குடம். அயலார் துணையின்றி இயக்க இயலாது என்றதற்கும் அதே குடம். நன்னனோ ஒவ்வொரு விதையையும் கோயிலில் காணிக்கை வைப்பவன்போல இரு கையாலும் இட்டான். குடத்துக்குச் சோறூட்டுகிறாயா என்று எழுத்தர் கேலி செய்ய, அவன் தலை கவிழ்ந்தபடி, "பொறி எளிதுதான் ஐயா, மணி ஒலிப்பதுதான் கடினம்" என்றான். கூடியிருந்தோர் சிரித்தனர். அரிஞ்சிகையாரும் சிரித்தார்.

அரசர் பெயரால் கேட்டால் ஐந்தாம் குடத்துக்குக் குறைந்து இடுவது அரசர்க்கு முகம் திருப்புவதாகும் என்பது உங்கள் பக்கத்து வழக்கம். அரிஞ்சிகையாரின் தாய்வீடு நெடுந்துறை, அவர் அறியாததன்று. ஆயினும் வெயில் ஏறிவிட்டது, வண்டி காத்திருந்தது. புகழ்ச்சியும் குறையும் ஒன்றையொன்று தின்ன, நூற்றுக்கு ஐம்பது வந்தது. 'நடுத்தரம், பழகினால் சரியாகும்' என்று எழுதி முத்திரையிட்டார். முப்பது பொறிகளும் புறப்பட்டன. வெள்ளத்தன்று நன்னன் கையில் ஒலிக்காமற்போனது அவற்றுள் ஒன்றே.

ஐம்பது என்றால் என்ன பொருள் என்று அமைச்சர் அவையில் வினவினார்.

"ஒரு பொருளும் இல்லை ஐயா. அவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொன்னதாக நான்தான் எழுதினேன்" என்றார் அரிஞ்சிகையார். பிறகு தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தரையில் வைத்தார். அதை எவரும் எடுக்கவில்லை. இன்னும் அங்கேயே கிடக்கிறது.

ஆதலின் ஆணை இது. நன்னனை உடனே சிறைமீட்க. ஏழு கயிற்றையும் அவிழ்த்து, ஒற்றைக் கயிறு கட்டுக. காவலரிடம் மீண்டும் கேட்கப்படும். அப்போது குடங்கள் மூடிய அறையில் இருக்கும், அதிகாரி எவரும் அருகில் நிற்றல் ஆகாது.

குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்றீரே, பூதனாரே. கேட்டவர் கையில் அரச முத்திரை இருந்ததா? இருந்ததாயின், அதுவும் ஐந்தாம் குடத்தில் விழுந்த விதை என்று அறிக.

இவ்வோலையை அரிஞ்சிகையாரே கொண்டு வருகிறார். முழுநிலாவுக்கு இரு நாள் உள்ளது; வழியோ மூன்று நாள். குதிரை மாற்றி மாற்றி வருகிறார். அவர் வந்து சேருமுன் தீர்ப்பு நிறைவேறியிருக்குமாயின், நன்னன் மனைவியிடம் அவரே சென்று நடந்ததைச் சொல்லக் கடவர். அவள் சரி என்று தலையாட்டினால், அதை ஓலையில் எழுதவேண்டாம்.

வேந்தர் முத்திரை மேலே; அமைச்சர் கைக்கீறல் கீழே. ஆணை நிற்க.