தெனகாதீத்தா விரிகுடா முழுக்கக் கேட்டது

தெனகாதீத்தா விரிகுடா,
செவ்வாய்க்கிழமை, நங்கூரத்தில்

அன்புள்ள ஜோசிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், படகும் நலம், தண்ணீர்ப் பம்பு மட்டும் வழக்கம்போல நலமில்லை. அங்கே சஸ்கட்டூனில் குளிர் மைனஸ் முப்பதைத் தாண்டிவிட்டது என்று கேள்விப்பட்டோம், காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவில் கார் இன்ஜின் உறையாமலிருக்க அதன் ஹீட்டர் வயரைக் கரண்டில் செருக மறக்காதே. நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நீ இன்ஜினியரிங்கை விட்டுவிட்டு, இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்தி வழியனுப்பி வைக்கும் படிப்புக்குப் போக நினைப்பதை எங்கள் இருவரிடம் மட்டும்தான் சொன்னாய். இப்போது அது இந்த விரிகுடாவில் நங்கூரம் போட்டிருக்கும் எல்லாப் படகுகளுக்கும் தெரியும். சொன்னது நான்தான். வாய் சொன்னது, ஊருக்குப் பரப்பியது என் பின்புறம். ரேடியோ மைக்கின் பட்டன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். பாதியில் வைத்துவிடுவாய், அதுவுமில்லாமல் பட்டன் வைத்த எந்தச் சாமானையும் இந்த வாரம் நான் நம்புவதாக இல்லை. 'லேட் ஸ்டார்ட்' படகின் பெவ் வியாழக்கிழமை பேரன் பிறப்பதைப் பார்க்க சஸ்கட்டூன் பறக்கிறார், இதை உன் கையிலேயே கொடுப்பார். பிரித்துப் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்வார், ஒட்டிய இடத்தை ஒருமுறை உற்றுப் பார்த்துக்கொள்.

நடந்தது இதுதான். சமேலா விரிகுடாவிலிருந்து நான்கு படகுகள் ஒன்றாகக் கிளம்பினோம், நவம்பரிலிருந்து இந்தக் கூட்டம் இப்படித்தான் கரையோரமாகத் தெற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் 'செகண்ட் ஷிஃப்ட்', பெவ்வும் அவர் வீட்டுக்காரர் மில்டனும் இருக்கும் 'லேட் ஸ்டார்ட்', குவாதலஹாரா நோட்டரி எவாரிஸ்தோவின் 'பெலிக்கானோ', தனியாகவே படகோட்டும் இங்காவின் 'ஸ்கோல்'. நாற்பத்தொரு வயதில் நான்தான் இவர்களில் இளையவன், அதனால் மில்டனுக்கு நான் பொடியன், பழுது பார்ப்பதால் எவாரிஸ்தோவுக்கு இன்ஜினியர். இவர்கள் எல்லாருடைய ரேடியோவையும் பழுது பார்த்துக் கொடுத்தது நான், எந்தப் பட்டனை எப்போது அமுக்க வேண்டும் என்று பாடம் எடுத்ததும் நான். இப்போதைய ரேடியோக்கள் ஐந்து நிமிடம் விடாமல் அமுக்கினால் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். என்னுடையது பழையது, இப்படி உறுதியான சாமான் இப்போது எவன் செய்கிறான் என்று நான் எல்லாரிடமும் பெருமையடித்த ரேடியோ. காலையில் அம்மா சுக்கான் இருக்கையில் மெத்தையை எடுத்துப் போட்டாள், மைக் அடியில் மாட்டிக்கொண்டது, நான் மேலே உட்கார்ந்தேன், மத்தியானம் நங்கூரம் போடும்வரை எழுந்திருக்கவே இல்லை. நான் எழுந்திருக்காமல் அவ்வளவு நேரம் இருந்ததே அதிசயம் என்கிறாள் அம்மா, காற்று நன்றாக அடித்தது, சுக்கானை விட மனமில்லை.

நம் பட்டன் அமுங்கியிருந்தால் மற்றவர் பேசுவது நமக்குக் கேட்காது, அது உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். ரேடியோ நிசப்தமாக இருக்கவும், கிழங்கள் மறுபடியும் வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு மறந்துபோயின என்று அம்மாவிடம் சொன்னேன். அது ஒலிபரப்பானது. மில்டன் நங்கூரம் போடும் அழகைப் பற்றி, நாய் படுப்பதற்கு முன்னால் சுற்றிச் சுற்றி வருமே அதுபோல என்றேன். எவாரிஸ்தோ கிதாரோடு பாடும்போது கிரீஸ் இல்லாத கப்பி ஞாபகம் வருகிறது என்றேன். இங்கா தன் காபியை டீசல் வடிகட்டியில்தான் வடிக்கிறார் என்றேன். எல்லாம் ஒலிபரப்பானது. பேட்டரி வேகமாக இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஃபிரிஜ்ஜை எத்தனை தரம்தான் திறப்பாய் என்று அம்மாவைத் திட்டினேன். பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்ததோ எனக்கு அடியில் இருந்த மைக். எவாரிஸ்தோ படகின் முன்பக்கம் நின்று சட்டையைக் கழற்றி ஆட்டினார், பார் எவ்வளவு அன்பான மனுஷன் என்று நானும் கையாட்டினேன். மில்டன் ஊதுகுழல் ஊதினார், அதற்கும் கையாட்டினேன்.

அப்புறம்தான் உன் பேச்சு வந்தது. மாதக் கடைசிக்குள் புதுப் படிப்பில் இடத்தை உறுதி செய்ய வேண்டும், அப்பா என்ன சொல்கிறார் என்று நீ மூன்று தரம் கேட்டுவிட்டாய், பதில் சொல் என்று அம்மா ஆரம்பித்தாள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எப்படியும் பெவ் உனக்கு நடித்தே காட்டுவார். "பொணத்தக் குளிப்பாட்டவா நான் சுரங்கத்துல ராத்திரி ஷிஃப்ட் பாத்துப் படிக்க வச்சேன்? எம்பொண்ணு இன்ஜினியர்னு இந்தக் கூட்டம் பூரா சொல்லி வச்சிருக்கேன், இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு மாத்திச் சொல்லுவேன்" என்றேன். அம்மா, "ரெண்டு வருஷமா அவ போன்ல பேசுறதே நமக்கு லீவு லெட்டர் எழுதுற மாதிரி இருந்துச்சு, இந்தப் படிப்பப் பத்திச் சொன்ன அன்னிக்குத்தான் சிரிச்சா, அது உன் காதுல விழல, ஊர் என்ன சொல்லும்கிறது மட்டும் விழுது" என்றாள். நான் உட்கார்ந்தபடியே பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினேன். இடையில் வேறு சேனலுக்குப் போய் எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தக் கட்டத்துக்குச் சரியாகத் திரும்பி வந்துவிட்டார்களாம்.

விரிகுடாவுக்குள் நுழைந்தோம், நான் சுக்கானில் உட்கார்ந்தபடி இருக்க அம்மா நங்கூரம் போட்டாள். எங்களுக்குப் பக்கத்தில் மில்டன் வழக்கத்தைவிட அதிகமாகச் சுற்றினார், ஒவ்வொரு சுற்றிலும் என் பக்கம் திரும்பித் தொப்பியைத் தூக்கினார். எனக்கு அப்போதும் புரியவில்லை. இங்கா ரப்பர் படகில் வந்தார், ஃபிளாஸ்க்கை நீட்டினார். "டீசல் வடிகட்டுன காபி, சூடா இருக்கு. குடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் எந்திரி தம்பி, மைக்குக்கு மூச்சு முட்டும்" என்றார். எழுந்தேன். மெத்தைக்கு அடியிலிருந்து நாலைந்து படகுகள் சேர்ந்து கைதட்டும் சத்தம் கேட்டது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அழுகிறாள் என்று பயந்து எட்டிப் பார்த்தேன், தலையணையை வாயில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குக் கிலி. தினமும் காலையில் எல்லாப் படகுகளும் சேரும் ரேடியோ கூட்டத்தை மறுநாள் நடத்தும் முறை பெவ்வுடையது. அவசரம் ஏதும் உண்டா என்றார், காற்று சொன்னார், அலை சொன்னார், புதிதாக வந்த படகுகளை வரவேற்றார், உபரி சாமான் இருப்பவர்கள் சொல்லுங்கள் என்றார், அப்புறம் அதே குரலில், "அடுத்து ஜோசி விஷயம், ஆதரவா எதிர்ப்பான்னு ஒவ்வொரு படகா வாங்க" என்றார். நான் மைக்கைப் பிடுங்கப் போனேன், அம்மா முந்திக்கொண்டு அதன் மேல் கையை வைத்தாள். மில்டன் முதலில் வந்தார். "ஆதரவு. எனக்கு ஒரு எடம் போட்டு வைக்கச் சொல்லுங்க. அவசரமே இல்ல, நான் எல்லாத்துலயும் மெதுவுதான், பொடியனையே கேளுங்க" என்றார். எவாரிஸ்தோ, "ஆதரவு. இன்ஜினியரே, என் சித்தப்பா பையன் இதே தொழில்தான், எங்க குடும்பத்துல வேலையில்லாம உக்காந்ததே இல்லாத ஒரே ஆளு அவன்தான். நான் பாடுறேன், பாட்டக் கேட்டு விழறவங்கள உங்க பொண்ணு பாத்துக்கட்டும்" என்றார். யார் என்றே தெரியாத ஒரு படகிலிருந்து ஒரு அம்மாள், ஜோசி நாய்களுக்கும் இதைச் செய்வாளா, எங்களுடையதுக்குப் பதினாறு வயசு என்று விசாரித்தார். எதிர்ப்பு என்று சொன்னது ஒருவர் மட்டும், முந்தின நாள்தான் வந்து சேர்ந்த ஒரு பல் டாக்டர், அவரும் கேள்வி என்னவென்று சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. என்னையும் எதிர்ப்பில் சேர்த்து இரண்டு என்று பெவ் அறிவித்தார்.

கடைசியாக இங்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் ரோல்ஃப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பார்ரா கடற்கழியில் படகிலேயே இறந்துபோனதை உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதைப் பற்றி அவர் இதுவரை யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை, தக்காளி விலை சொல்கிற குரலில்தான் பேசினார். "அன்னிக்கு எல்லாரும் எங்கிட்ட அவசரப்பட்டாங்க. டாக்டரு, துறைமுகத்து ஆளு, பேப்பர்ல கையெழுத்துன்னு வந்தவங்க, எல்லாரும். மன்சானிய்யோ டவுன்ல ஒரு சின்னப் பொண்ணுதான் அவரக் குளிப்பாட்டி உடுத்துனா. அவ ஒருத்திதான் அவசரப்படல. இவருக்கு வகிடு எந்தப் பக்கம்னு கேட்டா. வலப்பக்கம்னேன். சீப்ப எங்கையில குடுத்துட்டு ஒதுங்கி நின்னா. அவ்வளவுதான். அவங்கப்பன் அவளப் பத்தி ஊருக்கெல்லாம் என்னன்னு சொல்லி வச்சிருந்தான்னு நான் கேக்கல. ஸ்கோல், ஆதரவு."

 அம்மா கையை எடுத்துவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தாள். அமுக்கினேன். சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டுக் கையை எடுத்தேன். உடனே பெவ், "யாரோ பட்டன அமுக்குறீங்க, பேச்சே வரல. செகண்ட் ஷிஃப்ட், நீங்கதானே? நேத்து நல்லா வேலை செஞ்சுச்சே" என்றார். விரிகுடாவில் ஒவ்வொரு படகிலிருந்தும் சிரிப்பு தண்ணீர் மேலேயே நேரடியாக வந்தது, ரேடியோ தேவைப்படவில்லை.

அதனால் ஜோசி, பதில் இது. போ. மாதக் கடைசிவரை காத்திருக்காதே, இதைப் படித்த உடனே இடத்தை உறுதி செய். எனக்கு இந்தத் தொழில் இன்னும் பிடிக்கவில்லை, பிடித்த மாதிரி நடிக்க மாட்டேன், நீ வேலையைப் பற்றிப் பேசும்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிறுத்து. ஆனால் நான் ஒரு நட்டைக்கூட நிதானமாக முடுக்கத் தெரியாதவன், அழுதுகொண்டிருக்கும் ஒருத்திக்கு முன்னால் அவசரப்படாமல் நிற்கத் தெரிந்த பெண் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள் என்றால் அது அம்மாவின் பக்கத்திலிருந்து வந்தது, அதைத் தடுக்க எனக்கு என்ன இருக்கிறது. என் எதிர்ப்பு ஓட்டை ஆதரவாக மாற்றியதை இன்னும் ரேடியோவில் சொல்லவில்லை. இந்த ஒன்றாவது முதலில் உன் காதுக்கு வரட்டும். அம்மாவிடம்கூட மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

பிப்ரவரி விடுமுறைக்கு நீ மன்சானிய்யோவில் இறங்கும் நாளில் கூட்டம் பார்ராவில் இருக்கும், பேருந்து ஏறி வந்துவிடு. மில்டன் உன்னிடம் சவப்பெட்டிக்கு அளவு கொடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார், கண்டுகொள்ளாதே, இல்லாவிட்டால் நிஜமாகவே டேப் எடுத்து அளந்துவிடு, வாய் அடங்கும். எவாரிஸ்தோவின் மனைவி உனக்காகச் சோளமாவில் தமால் அவிக்கிறார். வரும்போது தண்ணீர்ப் பம்புக்கு ரப்பர் வளையம் ஒரு ஜோடி, மைக்கை மாட்ட நல்ல எஃகுக் கொக்கி ஒன்று வாங்கி வா. வேளைக்குச் சாப்பிடு, காலணியில் உப்பும் பனியும் ஏறாமல் பார்த்துக்கொள், அம்மாவுக்கு வாரம் ஒருமுறையாவது அன்று சிரித்த மாதிரி சிரித்துப் பேசு. நீ எடுத்த வழியில் உன் கையும் மனசும் நடுங்காமல் இருக்க எங்கள் இருவரின் ஆசிகளும் உனக்கு உண்டு.

என்றும் உன்,
அப்பா டேரில்

பி.கு. எனக்கு வகிடு இடப்பக்கம். மனதில் வைத்துக்கொள். அவசரமே இல்லை.